இடுப்பில் பிளாக் பெல்ட், கையில் நீல ஃபைல்: ஒரு சென்செயின் நாற்பது ஆண்டு

சிங்கப்பூரில், சனிக்கிழமை காலையில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபத்துக்கு வெளியே, பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மாஸ்டர் எத்தனாவது டான்?" ஏழாவது என்பேன். "அப்போ சண்டையில கில்லாடின்னு சொல்லுங்க" என்பார்கள். அவர் ஒரு காலத்தில் கில்லாடிதான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ஏழு என்ற எண்ணுக்கும் சண்டைக்கும் இன்று பெரிய தொடர்பு கிடையாது. அதை அந்தப் பெஞ்சில் இரண்டு நிமிடத்தில் விளக்க முடிந்ததில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்செய், அதாவது ஆசிரியர், என்று நாங்கள் கூப்பிடும் அந்த மாஸ்டரிடம் நான் 1993-இல் சேர்ந்தேன், அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது என் மகள் அதே மண்டபத்தில் நிற்கிறாள். இடையில் ஆறு ஆண்டுகள் எங்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த ஆறு ஆண்டுகளில்தான் புரிந்தது. அவருக்குக் கீழே உதைக்கப் பழகிய இருபது ஆண்டுகளில் புரியவில்லை.

முதலில் இந்த டான் கணக்கு. கராத்தேயில் பிறந்தது இல்லை இது. ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் இருந்த படிநிலை முறையை எடுத்து 1883-இல் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். டான் என்றால் படி, பிளாக் பெல்ட்டிலிருந்து மேலே போகும் ஒவ்வொரு படியும் ஒரு டான், அவ்வளவுதான். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் பள்ளி ஆசிரியராக இருந்த கிச்சின் ஃபுனகோஷி 1922-இல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்து காட்டினார். கானோவின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. 1924-இல் ஃபுனகோஷி கராத்தேயிலும் முதல் பிளாக் பெல்ட்டுகளைக் கொடுத்தார். ஆக, நாம் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நினைக்கும் அந்தக் கறுப்புத் துணிக்கு, கராத்தேயைப் பொறுத்தவரை வயது நூறுதான். நடுவில் வரும் மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் அதற்கும் பிறகு, ஜூடோ ஐரோப்பாவுக்குப் போனபோது சேர்ந்தவை.

கொரியாவின் டேக்வாண்டோவில் இந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே பெரும்பாலானவர்களுக்குப் பொதுவாக, தென்கொரியத் தலைநகர் சோலில் 1972-இல் கட்டிய குக்கிவோன் என்ற தலைமையகம் இருக்கிறது. முதல் டானிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டாண்டு, இப்படியே ஏறிக்கொண்டே போய் எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஒன்பது ஆண்டு. ஒரு தடவைகூடத் தோற்காமல், ஒரு தேர்வைக்கூடத் தள்ளிப்போடாமல் போனாலும் மொத்தம் 38 ஆண்டுகள். கராத்தேயில் அப்படி ஒரே ஓர் இடம் இல்லை. ஷோட்டோகான், கோஜு-ரியு, ஷித்தோ-ரியு, வாடோ-ரியு என்று ஒவ்வொரு பிரிவும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளேயும் பல அமைப்புகளும், தனித்தனியாக டான் கொடுக்கின்றன. ஒரே ஏழாவது டானுக்கு இரண்டு அமைப்புகளில் இரண்டு விதமான எடை இருக்கலாம். பெற்றோர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எண்ணைக் கேட்டால் போதாது, யார் கையெழுத்துப் போட்ட எண் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம், நாலாவது ஐந்தாவது டான் வரைதான் உடம்பைச் சோதிக்கிறார்கள். கத்தா என்ற அசைவு வரிசை எப்படி இருக்கிறது, குமித்தே என்ற சண்டைப் பயிற்சியில் தூரம் தெரிகிறதா, நிற்கும் நிலை உறுதியா என்றெல்லாம் பார்ப்பார்கள். அதற்கு மேலே போனால் கேள்வியே மாறிவிடும். எத்தனை பேரை உருவாக்கினீர்கள், எத்தனை தேர்வு நடத்தினீர்கள், நடுவராக எங்கே நின்றீர்கள், கலைக்கு என்ன செய்தீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் வாங்கும் டான் பெரும்பாலும் அவர் மற்றவர்களுக்காகச் செய்த வேலைக்கான சான்றிதழ். எங்கள் சென்செயின் ஏழில் பாதி, அவர் சங்கத்தின் தாள்கள் உள்ள அந்த நீல ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்குக் கிடைத்தது என்றுதான் நான் சொல்வேன்.

அவர் செம்பவாங் பக்கம் வளர்ந்தவர், அப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தார். 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியதும் அந்த வீட்டின் கதையே மாறியது. 1976-இல், பதினைந்து வயதில், நண்பன் ஒருவன் கூட்டிப் போனான் என்று கராத்தேயில் சேர்ந்தார். புரூஸ் லீ இறந்து மூன்று ஆண்டு ஆகியும் தெருவில் பையன்கள் நுன்சாக்கு என்ற சங்கிலிக் கட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கத்துக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. ரகசியச் சங்கங்களும் குண்டர் கும்பல்களும் இருந்த ஊரில், மாலையில் நாற்பது இளைஞர்களைக் கூட்டி அடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர் யார் என்று பார்க்காமல் விடுவார்களா? 1970களில் தற்காப்புக் கலை கற்பிப்பதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே தற்காப்புக் கலை ஆசிரியர் என்றால் தொடக்கத்திலிருந்தே தாளும் கையெழுத்தும் உள்ள ஆள். மலையடிவார ஆசிரமம், தாடி வைத்த குரு என்ற சினிமாப் படம் சிங்கப்பூருக்குப் பொருந்தாது.

பகலில் அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மூத்த ஆசிரியர்களில் நிறைய பேர் முழுநேரமாக இதைச் செய்தவர்கள் இல்லை. ஷிஃப்ட் முடிந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்து ஏழரைக்கு மண்டபத்தில் இருப்பார். மாணவர் கட்டணம் மாதத்துக்குச் சில பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் மண்டபத்துக்குப் போனது போக மிச்சம்தான் அவருக்கு. அதில் வீடு நடத்த முடியாது. அரசாங்கத்தின் மக்கள் கழகம் 1960-இல் தொடங்கிப் பேட்டை பேட்டையாக மன்றங்களைக் கட்டியிருக்காவிட்டால், வாடகை கொடுத்தே இந்த மாதிரி வகுப்புகள் மூடியிருக்கும். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை புளோக்கிலிருந்து இறங்கி நடந்து போகும் தூரத்தில் கராத்தே கிடைத்தது என்றால் அதற்கு மன்றங்கள்தான் காரணம். மன்றத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் மண்டபம் விருந்துக்குப் போய்விடும், எங்களைப் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலுக்கு அனுப்புவார்கள், அங்கே வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் திரும்பி உதைத்த தழும்பு என் வலது பெருவிரலின் கீழே இன்றும் இருக்கிறது.

அப்புறம் பள்ளிகள். இணைப்பாட நடவடிக்கை என்று பள்ளிகளுக்குள் போனபோதுதான் இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் நிலையான வருமானம் வந்தது, கூடவே கட்டுப்பாடும் வந்தது. 2003-இல் பயிற்றுவிப்பாளர்களுக்கான தேசியப் பதிவேடு தொடங்கியது. எட்டாவது டான் வாங்கியவராக இருந்தாலும் அங்கே பயிற்சி எடுத்து, முதலுதவிச் சான்றிதழ் வைத்து, பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளி ஒரு பயிற்றுவிப்பாளரை எடுப்பதென்றால் அரசாங்க இணையத்தளத்தில் விலை கேட்கும், நாம் விலை போட வேண்டும். நாற்பதைத் தாண்டிய வயதில் சென்செய் முதல்முறையாக அந்தப் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. "தம்பி, கத்தா இருபத்தாறு மனப்பாடம் பண்ணிட்டேன், இந்த பாஸ்வேர்ட் ஒண்ணு நிக்க மாட்டேங்குது" என்றார். ஆனால் விடவில்லை, கற்றுக்கொண்டார். அவர் வயதுக்காரர்களில் சிலர் அந்த இடத்தில்தான் கற்பிப்பதையே நிறுத்தினார்கள், அது எனக்கு இன்றும் வருத்தம்.

இந்த ஊரில் ஆசிரியராக இருப்பதில் எனக்கு மிகக் கடினமாகத் தெரிவது எது என்று கேட்டால், மாணவர்கள் போவது என்பேன். அவரிடம் ஒரு பழைய வருகைப் பதிவு நோட்டு இருக்கிறது, பச்சை அட்டை, பக்கங்கள் வியர்வையில் ஒட்டிப்போனது. அதில் பெயர்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே போதும். பன்னிரண்டு வயதில் ஒரு கூட்டம் நிற்கிறது, பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. பதினாறில் இன்னொரு கூட்டம், ஓ நிலைத் தேர்வு. பதினெட்டில் மிச்சமிருந்த பையன்கள், தேசிய சேவை என்ற கட்டாயப் படைச் சேவை. ஒரு பையன் ஏழு வயதில் வந்து, ஒழுங்காக ஏறி, பிரவுன் பெல்ட்டில் நின்று, பிளாக் பெல்ட் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது முடி வெட்டிக்கொண்டு படைப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் போய்விடுவான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் சிலரே. சென்செய் ஒன்று செய்வார். தெக்கோங்குக்குப் போன பையனின் பெயருக்குப் பக்கத்தில் திரும்பி வரும் மாதத்தைப் பென்சிலில் எழுதி வைப்பார், அந்த மாதம் வந்ததும் ஃபோன் செய்வார். "என்ன தம்பி, ஓஆர்டி ஆயிட்டியா, சேவை முடிஞ்சுதா? சனிக்கிழமை வா, பெல்ட் கொண்டு வா." எனக்கும் அந்த அழைப்பு வந்தது. வராவிட்டால் நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன்.

சரி, சங்கத்துக்கு வருவோம். சட்டப்படி பத்துப் பேர் சேர்ந்து ஒரு நோக்கத்துக்காக இயங்கினாலே அது சங்கம், பதிவு செய்ய வேண்டும். விதிமுறை எழுத வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி, கணக்கைத் தணிக்கை செய்து, ஆண்டறிக்கையைச் சங்கங்களின் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்க வறட்சியாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு பிள்ளையின் பெல்ட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஆசிரியர் கொடுத்தார் என்பதால் மட்டும் இல்லை. அந்த ஆசிரியருக்குப் பின்னால் ஒரு சங்கம், சங்கத்துக்குப் பின்னால் தேசியச் சம்மேளனம், அதற்குப் பின்னால் ஆசிய, உலக அமைப்பு என்று ஒரு சங்கிலி இருக்கிறது. ஒரு விளையாட்டுக்குத் தேசிய அளவில் ஓர் அமைப்பைத்தான் சிங்கப்பூர் தேசிய ஒலிம்பிக் மன்றம் ஏற்கும். தென்கிழக்காசியப் போட்டிக்கு ஒரு பிள்ளை போக வேண்டுமென்றால் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுபடாமல் இருக்க வேண்டும். சந்தா கட்டாமல் ஓராண்டு விட்டாலோ, கூட்டம் நடத்தாமல் விட்டாலோ, அடிபடுவது கமிட்டிக்காரர்கள் இல்லை, பதினாலு வயதுப் பிள்ளைகள்.

அதற்கும் மேலே கராத்தேக்கு ஒரு தனி வேதனை உண்டு. 2015-இல் தென்கிழக்காசியப் போட்டி நம் ஊரிலேயே நடந்தது, மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் இருந்தது, டேக்வாண்டோ இருந்தது, ஜூடோ இருந்தது, கராத்தே இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு உலகக் கராத்தே சம்மேளனத்தை 1999-இல் அங்கீகரித்தும், ஒலிம்பிக்கில் கராத்தே வர 2021-இல் நடந்த தோக்கியோ போட்டி வரை ஆனது, அதுவும் அந்த ஒரு தடவைதான், பாரிஸில் எடுத்துவிட்டார்கள். விளையாட்டுப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் நிதியும் கவனமும் வருகின்றன. கராத்தேச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொண்டே வகுப்பை நடத்த வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து பிளவு. கராத்தேயின் வரலாற்றைப் படித்தால் மனம் கனத்துப்போகும். ஃபுனகோஷி 1957-இல் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே மாணவர்கள் இரண்டு பக்கமாகப் போனார்கள். ஜப்பான் கராத்தே சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய மசடோஷி நகயாமா 1987-இல் இறந்தார், அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தின் பெயர் யாருக்கு என்று இரண்டு அணிகள் நீதிமன்றத்துக்குப் போய், 1999-இல் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் முடிந்தது. கியோகுஷின் கராத்தேயை உருவாக்கிய மசுதாட்சு ஒயாமா 1994-இல் இறந்தார், அதுவும் பல துண்டாகப் போனது. மூன்றிலும் ஒரே கதைதான். ஒரு பெரிய மனிதர், அவர் கையில் எல்லா அதிகாரமும், அவருக்குப் பிறகு யார் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. டான் சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமைதான் இந்தத் துறையின் அதிகாரமும் பணமும், அது யாருக்குப் போகும் என்பதை விசுவாசத்திடம் விட்டுவிட்டால் விசுவாசம் இரண்டாகத்தான் பிரியும்.

இது தோக்கியோவில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. எங்கள் சங்கம் இணைந்திருந்த வெளிநாட்டுத் தலைமை அமைப்பு ஒரு சமயம் இப்படி உடைந்தது. எங்கள் பிள்ளைகள் பதினோரு பேர் தேர்வு எழுதித் தேறி, கட்டணம் கட்டி, சான்றிதழுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு தரப்பு, நாங்கள்தான் உண்மையான அமைப்பு, மறுபடி எங்களிடம் தேர்வு எழுதுங்கள் என்றது, இன்னொரு தரப்பு பதிலே போடவில்லை. பதினான்கு மாதம் இழுத்தது. சென்செய் அந்தப் பதினோரு பிள்ளைகளின் பெற்றோரையும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஃபோனில் சொல்லக்கூடாது என்பது அவர் முடிவு. நானும் நாலைந்து வீட்டுக்குக் கூடப் போனேன். ஈசூனில் ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் அப்பா சத்தம் போட்டார், சென்செய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுவிட்டு, "தப்பு எங்க பக்கம்தான் அண்ணே, பணத்த நான் திருப்பித் தர்றேன், பாப்பாவ மட்டும் வகுப்புக்கு அனுப்புங்க" என்றார். தன் கையிலிருந்து கொடுத்தார். உதைக்கிற வேகத்துக்கு யாரும் டான் கொடுக்கலாம், இதற்கு எந்த டானும் இல்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் எங்கள் விதிமுறையில் புதிதாக ஒன்று சேர்த்தோம். தேர்வு வைக்கும் குழு தனி, நிர்வாகக் குழு தனி. சென்செய் முதல் குழுவில் இருக்கலாம், இரண்டாவதில் காலவரம்பு. இதை அவரே முன்மொழிந்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறையில் பொருளாளர் தொடர்ந்து நாலு ஆண்டுக்கு மேல் அந்தப் பதவியில் இருக்கக்கூடாது என்று இருக்கிறது. எங்களைப் போன்ற சின்னச் சங்கம் அதற்குக் கட்டுப்பட்டது இல்லை, இருந்தாலும் அதையே எடுத்துக்கொண்டோம். கற்பிப்பவர் முப்பது ஆண்டு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பணப்பெட்டிச் சாவி முப்பது ஆண்டு ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே மனிதர் மேல் ஏற்றி, குரு பக்தியில் கணக்குக் கேட்காமல் விடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அது குருவுக்கும் நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து.

களத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன நல்ல உதாரணமும் நம் ஊரில் இருக்கிறது. சிலாட்டில் 1990, 1994 ஆண்டுகளில் உலக வெற்றியாளரான ஷேக் அலாவுதீன், பிறகு பயிற்றுவிப்பாளராகி, சிங்கப்பூர் சிலாட் சம்மேளனத்தின் தலைமை நிர்வாகியாகவும் ஆனார். அவருடைய மகன்கள் ஷேக் ஃபர்ஹான், ஷேக் ஃபெர்டவுஸ் இருவரும் உலகப் பட்டம் வென்றவர்கள். சிலாட்டுக்கு இந்த வட்டாரமே பின்பலம்: இந்தோனேசியா, மலேசியா, புருணையுடன் சிங்கப்பூரும் சேர்ந்து 1980-இல் அனைத்துலக அமைப்பைத் தொடங்கிய நாடு. அந்தத் தொடக்கத்திலேயே நமக்கு மேசையில் இடம் இருந்தது. கராத்தேக்காரர்களுக்கு மேசை தோக்கியோவில் இருந்தது, நாம் கடிதம் எழுதிக் காத்திருந்தோம்.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கி எல்லாம் மூடியபோது, சென்செய்க்கு வயது ஐம்பத்தொன்பது. கைத்தொலைபேசியைச் சோறு வடிக்கும் பானையில் சாய்த்து வைத்து, வரவேற்பறையில் சோபாவைத் தள்ளிவிட்டு, ஜூமில் வகுப்பு எடுத்தார். மேல் வீட்டுக்காரர் கீழ் வீட்டுக்காரர் பிரச்சினை வேண்டாம் என்று யாரும் குதிக்கக் கூடாது, கத்தவும் கூடாது. அந்த இரண்டு மாதமும் நின்றபடியே மெதுவாகச் செய்யும் பயிற்சிகளைத்தான் கொடுத்தார். முட்டி எங்கே பார்க்கிறது, குதிகால் தரையில் இருக்கிறதா, கைவிரல்களை முஷ்டியாக மடக்கும்போது முதல் இரண்டு கணு முன்னால் வருகிறதா என்று ஒவ்வொரு சின்னச் சதுரத்தையும் கண்ணாடியைக் கழற்றி, திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு ஐந்து பேராகக் கூடலாம் என்று விட்டபோது, ஒரு வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து ஒரே நாளில் நாலு முறை எடுத்தார், கட்டணத்தை ஏற்றவில்லை. சங்கத்தின் சேமிப்பு அந்த ஆண்டுதான் கரைந்தது. கணக்கு ஒழுங்காக இருந்ததால் எவ்வளவு மாதம் தாங்கும் என்று எங்களால் சொல்ல முடிந்தது.

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். மன்றத்தின் இரண்டாவது மாடி அறை, இருபத்துமூன்று பேர், மேசையில் கறிப்பஃப்பும் தே தாரிக்கும். தேர்வுக் குழுவில் இருப்பார், சனிக்கிழமை வகுப்பும் தொடரும். புதிய செயலாளருக்கு இருபத்தாறு வயது, எட்டு வயதில் என் கைப்பிடித்து வெள்ளை பெல்ட் கட்டப் பழகியவள். அவளிடம் அந்த நீல ஃபைலைக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "சென்செய், 2009 மண்டப வாடகை ரசீது ரெண்டு மாசம் காணோமே?" என்று கேட்டாள்.

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பாப்பா, காட்டு."